சாட்சி சொல்ல வந்தவர் கையில் விலங்கா?

மதுரை அரண்மனை வாயிலிலே, கையில் ஒற்றைச் சிலம்பு ஏந்தி, தலைவிரி கோலமாக நின்றாளே கண்ணகி, அவள் எந்த ஊர்க்காரி? பாண்டி நாட்டாளா? இல்லை! புகார் நகரத்தாள். சோழ நாட்டாள். பிழைக்க வழி தேடிக் கணவனோடு வந்தவள். மதுரையிலே அவளுக்கு உற்றாருமில்லை, உறவினருமில்லை. ஊர்ப்புறத்து ஆயர் வீட்டிலே அடைக்கலம் புகுந்திருந்தவள். வாயிற்காவலன் அவளைக் கண்டு நடுங்கினான். ஓடிப்போய் மன்னனிடம் சொன்னான். உள்ளே வரவிட்டான் மன்னன். நீ யார் என்று கேட்கத்தான் கேட்டான். முறையீட்டைக் கேட்பதற்காகக் கேட்டான். பிடித்து அடைப்பதற்காகக் கேட்கவில்லை! எல்லை தாண்டி வந்தாயே, சீட்டு எங்கே, முத்திரை எங்கே என்று வாயிலிலேயே அவள் கையில் விலங்கு பூட்டியிருந்தால், பிழைபட்ட தீர்ப்பு பிழை என்றே எவருக்கும் தெரிந்திராது.

கதைதானே என்பீர்கள். சரி, கதையை விடுவோம். நடந்ததைக் கேளுங்கள்.

2017ஆம் ஆண்டு பிப்ரவரி 9. அமெரிக்க ஐக்கிய நாடுகள், டெக்சாஸ் மாநிலம், எல்பாசோ நகரம். ஒருத்தி நீதிமன்றத்துக்கு வருகிறாள். உடன் வாழ்ந்தவன் அடித்துத் துன்புறுத்துகிறான், என்னை நெருங்கக் கூடாதென்று ஆணையிடுங்கள் என்று கேட்கிறாள். நீதிமன்றம் ஆணை தருகிறது. அந்தத் தாளின் மை உலருவதற்குள், நீதிமன்றக் கட்டிடத்திலேயே, குடிநுழைவு அதிகாரிகள் அவளைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள்! அவள் அங்கே வருவாள் என்று துப்புக் கொடுத்தவன், யார்மீது அவள் முறையிட்டாளோ அவனாகவே இருக்கலாம் என்று அந்த மாவட்டத்து அரசு வழக்கறிஞரே ஐயம் வெளியிட்டார். அவள் முன்பே நாடு கடத்தப்பட்டுத் திரும்பி வந்தவள், அவள்மீதும் பழைய வழக்குகள் உண்டு என்றார்கள். இருக்கட்டும்! அந்தக் கணக்கைத் தீர்க்க வேறு நாள் இல்லையா, வேறு இடம் இல்லையா? அடிபட்டவள் அடித்தவனைப்பற்றிச் சொல்ல வந்த அந்த மண்டபம்தானா கிடைத்தது?

விளைவு என்ன? அதே ஆண்டின் முதல் மூன்று மாதங்களில், ஹூஸ்டன் நகரில் ஸ்பானிய வழியினரிடமிருந்து வந்த பாலியல் வன்முறைப் புகார்கள், முந்திய ஆண்டின் அதே மாதங்களைவிட 42.8 விழுக்காடு குறைந்துவிட்டன என்று அந்நகரக் காவல்துறைத் தலைவர் அறிவித்தார். மற்றவர்கள் கொடுத்த புகார்களோ கூடியிருந்தன. கொடியவர்கள் திடீரென்று திருந்திவிட்டார்களா, அதிலும் ஓரினத்துப் பெண்களிடம் மட்டும்? புகார் குறைந்தது, குற்றம் குறைந்தது என்று எவர் சொல்லத் துணிவார்?

தோழர்களே! சீட்டில்லாமல் ஒரு நாட்டில் வாழ்பவன் நிலை எத்தகையது என்பதை உழைப்பவன் ஒருவனுக்கு விளக்கத் தேவையில்லை. அவனிடம் வங்கிக் கணக்கு இருக்காது. கூலியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நடப்பான். திருடனுக்கு அது தெரியும். அவன் போலீசுக்குப் போகமாட்டான். அதுவும் திருடனுக்குத் தெரியும். வாரம் முழுதும் கூரை வேய்ந்தவனுக்குச் சனிக்கிழமை கூலி தராமல் விரட்டுகிறான் மேஸ்திரி. 'போ, போய்ச் சொல், உன்னைத்தான் முதலில் பிடிப்பார்கள்' என்கிறான். பெண்ணாக இருந்தால் மேஸ்திரி கேட்பது வேறு. சட்டம் என்பது ஏழைக்குக் கேடயம் என்று படித்தோம். இங்கே அந்தக் கேடயத்தைக் கயவன் பிடுங்கிக்கொண்டு, அதைக்கொண்டே ஏழையை அடிக்கிறான்!

கடல் கடந்த தமிழனுக்கு இது தெரியாததல்ல. இலங்கையிலே மலையைத் தோட்டமாக்கிய கைகளுக்கு 'கள்ளத்தோணி' என்று பட்டம் சூட்டினார்கள். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இலட்சக்கணக்கானவரை நாடற்றவராக்கியது. அந்த ஒரு சொல்லைக் கேட்டுக் குனிந்த தலைகள் எத்தனை!

அமெரிக்காவின் கதைக்கே திரும்புவோம். பழைய ஏடு ஒன்றைப் புரட்டினால் வியப்பும் வேதனையும் ஒருங்கே எழுகின்றன. 1853ஆம் ஆண்டு, கலிபோர்னியாவின் தங்க வயல்களிலே, லிங் சிங் என்ற சீனத் தொழிலாளி சுட்டுக் கொல்லப்பட்டார். கொன்றவன் ஜார்ஜ் ஹால் என்ற வெள்ளையன். கண்ட சாட்சிகள் சீனர்கள். அவர்கள் துணிந்து சொன்னார்கள். ஹால் குற்றவாளி என்று தீர்ப்பாயிற்று. மேல்முறையீடு சென்றது. 1854ஆம் ஆண்டு மாநில உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைக் கவிழ்த்தது! காரணம்? கறுப்பரும் இந்தியரும் வெள்ளையருக்கு எதிராகச் சாட்சி சொல்லக்கூடாதென்று அங்கே ஒரு சட்டம் இருந்தது. 'இந்தியர்' என்று அவர்கள் குறித்தது அந்த மண்ணின் பழங்குடி மக்களை. சீனர் அதில் எப்படி அடங்குவர்? தலைமை நீதிபதி மர்ரே விளக்கம் கண்டுபிடித்தார். கொலம்பஸ் கரை இறங்கியபோது, ஆசியாவை அடைந்துவிட்டதாக எண்ணித்தானே அந்த மக்களுக்கு இந்தியர் என்று பெயரிட்டான். ஆகவே இந்தியர் என்ற சொல் ஆசியர் அனைவரையும் குறிக்குமாம்! வழி தவறிய மாலுமி ஒருவனின் பிழை, முந்நூற்று அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு கொலைகாரனைக் காப்பாற்றியது. இதைச் சொன்னது சந்தைக்கடை வாயாடியல்ல, தோழர்களே, உச்ச நீதிமன்றம்!

வாயைக் கட்டினால் கை நீளும். 1871 அக்டோபர் 24 இரவு, லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் வெறிக்கூட்டம் சீனர் தெருவில் புகுந்து, பதினெட்டுப் பேர் அளவில் கொன்றுபோட்டது. எட்டுப் பேர் தண்டிக்கப்பட்டனர். 1873இல் அந்தத் தண்டனையும் சட்ட நுணுக்கம் ஒன்றால் நீக்கப்பட்டது. வெள்ளையருக்கு எதிராகச் சீனர் சாட்சி செல்லாதென்ற தடை அந்தக் கொலைகள் நடந்தபோதும் ஏட்டில் இருந்தது.

அந்தத் தடை பிறகு போயிற்று. ஆனால் வேறு வடிவில் வந்தது. 'நீ சாட்சி சொல்லலாம், சொல்லிவிட்டு ஊரைவிட்டுப் போ' என்ற வடிவில்!

1995 ஆகஸ்டு 2. லாஸ் ஏஞ்சல்சை அடுத்த எல்மான்டி என்ற ஊர். பார்த்தால் சாதாரண அடுக்குவீடு. சுற்றிலும் முள்கம்பி, உள்ளே காவலாட்கள், வரிசை வரிசையாய்த் தையல் இயந்திரங்கள். தாய்லாந்திலிருந்து கொண்டுவரப்பட்ட 72 பேர், பெரும்பாலோர் பெண்கள், அங்கே அடைபட்டிருந்தார்கள். சிலர் ஏழாண்டு காலமாக! விடிந்தால் தையல், இருட்டினாலும் தையல். தைக்கும் அறைக்கு அடுத்தே படுக்கை. வழிச்செலவு என்று ஒரு கடனைத் தலையில் ஏற்றி, தப்பினால் ஊரிலிருக்கும் குடும்பத்தைப் பார்த்துக்கொள்கிறோம் என்று மிரட்டி வைத்திருந்தனர். அவர்கள் தைத்த சட்டைகள் பெரிய பெரிய கடைகளிலே கண்ணாடிப் பெட்டிக்குள் மின்னின. அடைத்து வைத்தவர்கள் யார்? அவர்களும் தாய்லாந்திலிருந்து வந்தவர்களே! தன் நாட்டான், தன் மொழிக்காரன் என்பதால் கங்காணி இரங்குவதில்லை. மொழி தெரிந்த கங்காணிதான் மிரட்டவும் நன்றாக மிரட்டுவான்.

அதிகாரிகள் புகுந்தார்கள், கதவு திறந்தது. விடுதலை என்று எண்ணினார்கள் அந்தப் பெண்கள். கொண்டுபோய் எங்கே வைத்தார்கள்? குடிநுழைவுத் துறையின் சிறைக்கூடத்தில்! முள்கம்பிக்குள்ளிருந்து மீட்டு, இரும்புக் கம்பிக்குள் அடைத்தார்கள். வழக்கறிஞர்களும் சமூகத் தொண்டர்களும் இரவு பகலாக வாயிலில் நின்று வாதாடியதால், ஒரு வாரத்திற்குப் பின் வெளியே வந்தனர். அவர்களுக்காக வாதாடிய இளம் வழக்கறிஞர்களில் ஒருவர் ஜூலி சூ. பின்னாளில் 2023இல் அந்நாட்டின் தொழிலாளர் துறைப் பொறுப்பு அமைச்சராக அமர்ந்தவர். அடைத்து வைத்தவர்கள் 1996இல் குற்றத்தை ஒப்புக்கொண்டனர். விற்ற நிறுவனங்களிடமிருந்து 40 இலட்சம் டாலருக்கு மேல் இழப்பீடு பெறப்பட்டது. 1994இல் துப்புக் கொடுப்போருக்கென்று உண்டாக்கிய 'எஸ்' விசா என்ற அனுமதியைத் தேடிப்பிடித்து இந்தத் தொழிலாளருக்குப் பொருத்தினார்கள். கள்ளக் கூட்டத்துக்குள்ளிருந்து காட்டிக் கொடுப்பவனுக்காகத் தைத்த சட்டை அது. அடிமையாய்க் கிடந்தவளுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை அந்த நாட்டில் அன்று இல்லை.

அது பிறந்தது 2000 அக்டோபர் 28. அன்றுதான் ஆட்கடத்தலுக்கும் வன்முறைக்கும் ஆளானோரைக் காக்கும் சட்டத்தில் அதிபர் கிளிண்டன் கையெழுத்திட்டார். இரண்டு அனுமதிகள். ஏமாற்றிக் கொண்டுவந்து அடிமை வேலை வாங்கப்பட்டோருக்கு 'டி' விசா, ஆண்டுக்கு 5,000. கொடிய குற்றங்களுக்கு ஆளாகி, புலனாய்வுக்கு உதவுவோருக்கு 'யு' விசா, ஆண்டுக்கு 10,000. நான்காண்டு தங்கலாம், உழைக்கலாம், மூன்றாண்டு கழித்து நிரந்தர உரிமைக்கு விண்ணப்பிக்கலாம். பிறரது கடவுச்சீட்டைப் பறித்து வைத்துக்கொண்டு வேலை வாங்குவதே தனிக் குற்றம் என்றும் அதே சட்டம் சொல்லிற்று. இதற்கு முன்பே, 1994இல், கொடுமைக்காரக் கணவனின் கையெழுத்து இல்லாமலே மனைவி தன் உரிமைக்குத் தானே விண்ணப்பிக்க வழி செய்திருந்தார்கள். 1996இல், கொடுமை செய்தவன் கொடுக்கும் துப்பை மட்டும் நம்பி அவள்மீது நடவடிக்கை கூடாதென்றும் விதித்திருந்தார்கள். நல்லவை. பாராட்டுகிறோம். பகையாளி வீட்டுப் பாயசமானாலும் இனிப்பை இனிப்பென்றுதான் சொல்ல வேண்டும்.

ஆனால் சட்டம் ஏட்டிலே ஏறியது 2000இல். 'யு' விசாவுக்கு விதிமுறை எழுத அதிகாரிகளுக்கு ஏழு ஆண்டு பிடித்தது! 2007 செப்டம்பரில் விதி வந்தது. 2008இல்தான் முதல் விசா.

இந்தச் சட்டம் இல்லாதிருந்தால் என்னாகியிருக்கும் என்பதற்கு நம் நாட்டுத் தொழிலாளரே சான்று. 2005இல் கட்ரீனா புயல் மெக்சிகோ வளைகுடாக் கரையைப் புரட்டிப்போட்டது. எண்ணெய்த் துரப்பண மேடைகளைப் பழுதுபார்க்க ஆள் வேண்டுமென்று, சிக்னல் இன்டர்நேஷனல் என்ற நிறுவனத்துக்காக, ஏறத்தாழ 500 இந்தியர்களைத் திரட்டினார்கள். வெல்டர்கள், குழாய் பொருத்துநர்கள், கைத்தொழிலில் தேர்ந்தவர்கள். குடும்பத்தோடு குடியேறலாம், நிரந்தர உரிமைச்சீட்டு வாங்கித் தருகிறோம் என்று சொல்லித் தலைக்குப் பத்தாயிரம் டாலரும் அதற்கு மேலும் கறந்தார்கள் முகவர்கள். நிலத்தை விற்றான் ஒருவன், மனைவியின் தாலிக்கொடி வரை அடகு வைத்தான் இன்னொருவன். இந்த வாசகரில் எத்தனை பேர் வீட்டில் அந்தக் காட்சி நடந்திருக்கும், வளைகுடாவுக்கோ சிங்கப்பூருக்கோ ஆள் அனுப்பிய நாளிலே!

போய் இறங்கியது எங்கே? மிசிசிப்பி மாநிலத்துப் பாஸ்ககூலாவிலும், டெக்சாசின் ஆரஞ்சு என்ற ஊரிலும், வேலிகட்டிய முகாமில். ஓர் அறையில் 24 பேர் வரை. அந்தச் 'சொகுசுக்கு' நாளொன்றுக்கு 35 டாலர் கூலியிலிருந்து பிடித்தம்! நிரந்தரச்சீட்டு? அது கிடையாது. அவர்கள் கையிலிருந்தது 'எச்-2பி' என்ற தற்காலிக விசா. அந்த ஒரு முதலாளியிடம் மட்டும் வேலை செய்யலாம். வேலையை விட்டால் நாட்டைவிட்டே போகவேண்டும். மாட்டுக்குக் கழுத்துக்கயிறு கட்டினால் முளையைச் சுற்றி மேயவாவது முடியும்.

தொழிலாளர் கூடிப் பேசினார்கள். 2007 மார்ச் 9 விடியற்காலை நிறுவனத்தின் காவலாட்கள் முகாமில் புகுந்து, முன்னணியில் நின்றவர்களைப் பிடித்து அடைத்தார்கள், விமானத்தில் ஏற்றி ஊருக்கு அனுப்ப. அடமானம் வைத்த வீட்டுக்கு வெறுங்கையோடு திரும்புவதா என்று மனமுடைந்து ஒருவர் தற்கொலைக்கு முயன்றார். இதில் குடிநுழைவுத் துறை அதிகாரிகளே தங்களுக்கு யோசனை சொன்னதாக, நிறுவனத்தின் மேலாளர்கள் பின்னர் வழக்கில் சாட்சியம் அளித்தனர். வேலியும் வேலி போட்டவனும் வேட்டைக்காரனும் ஒரே பக்கம்!

அடங்கினார்களா? 2008 மார்ச்சில் நூறு பேர் அளவில் வெளியேறினார்கள். வாயிலிலே நின்று, தலைக்கவசங்களைக் கழற்றி வீசினார்கள். நியூ ஆர்லியன்சிலிருந்து தலைநகர் வாஷிங்டன் நோக்கிப் பயணம் புறப்பட்டார்கள்; அங்கே உண்ணாநோன்பு இருந்தார்கள். விசா போயிற்று, வேலை போயிற்று, எந்த நேரமும் பிடிபடலாம் என்ற நிலையில் நடந்த போராட்டம் அது! அவர்களில் பலருக்குப் பின்னர் 'டி' விசா கிடைத்தது. அது கிடைத்ததால்தான் அவர்களால் அந்நாட்டில் நின்று, நீதிமன்றப் படி ஏறி, சாட்சிக் கூண்டில் பேச முடிந்தது. 2015 பிப்ரவரியில் ஐந்து தொழிலாளருக்கு 1 கோடியே 40 இலட்சம் டாலர் தரவேண்டுமென்று ஜூரிகள் தீர்ப்பளித்தனர். அவ்வாண்டே நிறுவனம் திவால் மனுப் போட்டது. 2 கோடி டாலருக்கு வழக்குகள் முடிந்தன. நிறுவனம் மன்னிப்பும் கேட்டது. சாட்சிகளை விமானத்தில் ஏற்றிவிட்டிருந்தால் இதில் ஒரு காசு உண்டா?

இனி எதிர்க்கட்சி வாதத்தையும் கேட்போம். கேட்காமல் ஓடுவது கோழைத்தனம். 'விசாவுக்காகப் பொய்ப்புகார் கொடுக்கிறார்கள்' என்கின்றனர். பொய்யா அது? முழுப்பொய் அல்ல. கடைகளிலே திருட்டு நாடகம் நடத்தி, துப்பாக்கி காட்டுவதுபோல் காட்டி, 'கொள்ளைக்கு ஆளானோம்' என்று விண்ணப்பித்த வழக்குகள் மாசசூசெட்சிலும் சிகாகோவிலும் பிடிபட்டன. சொல்ல வெட்கமாக இருக்கிறது, சிக்கியவர்களில் நம் நாட்டவரும் உண்டு. 2025 ஜூலையில் லூசியானா மாநிலத்தில், நடக்காத கொள்ளைக்கு அறிக்கை எழுதிக் கொடுத்துத் தலைக்கு 5,000 டாலர் வாங்கியதாகக் குற்றம் சாட்டப்பட்டவர்கள் யார் தெரியுமா? போலீஸ் தலைவர்கள்! வழக்கு அவர்கள்மேல், பழி மட்டும் அடிபட்டு அழுதுகொண்டு வரும் ஏழைமேலா?

இதே வாதத்தை ஒரு முதலாளி எப்படி ஆண்டார் பாருங்கள். மிசிசிப்பியின் மார்ட்டன் என்ற ஊரில் கோழி இறைச்சி ஆலை. கோக் ஃபுட்ஸ் நிறுவனத்துடையது. பெண்களைத் தொட்டார்கள், அடித்தார்கள், பணம் பறித்தார்கள் என்று தொழிலாளர் தரப்பில் வழக்கு. நிறுவனமோ, யார் யார் 'யு' விசா கேட்டார்கள் என்ற காகிதங்களையெல்லாம் எங்களிடம் காட்டுங்கள் என்று கேட்டது. விசாவுக்காகவே இட்டுக்கட்டினார்கள் என்று நிறுவ வேண்டுமாம். 2016இல் ஐந்தாவது சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றம் அதற்குக் கடிவாளம் போட்டது. இப்படிக் காட்டச் சொன்னால், இந்த ஆலைக்கு வெளியேயும் எத்தனையோ பேர் அஞ்சி வாய்மூடிவிடுவார்களே என்று கவலைப்பட்டது. 2018இல் நிறுவனம் 37 இலட்சத்து 50 ஆயிரம் டாலர் தர இசைந்து வழக்கை முடித்தது. மறு ஆண்டு, 2019 ஆகஸ்டு 7, அந்த ஆலையும் உட்பட மிசிசிப்பிக் கோழி ஆலைகளில் குடிநுழைவுத் துறை புகுந்து 680 பேரைப் பிடித்தது. முன்னதுக்கும் பின்னதுக்கும் முடிச்சுப் போட நம்மிடம் சான்றில்லை, போடவில்லை. ஆனால் அடுத்த ஆலையில் நின்று கோழி அறுக்கும் பெண் முடிச்சுப் போட்டிருப்பாள்!

பொய்யனைப் பிடிக்கட்டும், தண்டிக்கட்டும். 'யு' விசா கேட்பவன் வெறுங்கையோடு போய்க் கேட்க முடியாது. 'இவர் புலனாய்வுக்கு உதவினார்' என்று போலீசோ அரசு வழக்கறிஞரோ நீதிபதியோ கையெழுத்திட்ட சான்று வேண்டும். இங்கேதான் சட்டத்தின் ஓட்டை. கையெழுத்திடுவதும் இடாததும் அந்த அதிகாரியின் விருப்பம்! ஓர் ஊரில் ஒரு வாரத்தில் கிடைக்கும், பக்கத்து ஊரில் எங்கள் வழக்கம் இல்லை என்று கதவைச் சாத்துவார்கள். கலிபோர்னியா மாநிலம் 2015இல் ஒரு சட்டம் செய்தது. உதவியவருக்குச் சான்று தந்தே ஆகவேண்டும், அதற்கும் நாள்கெடு உண்டு என்றது. சீனரின் வாயைக் கட்டிய அதே கலிபோர்னியா! மனிதர் திருந்துவதுண்டு, மாநிலங்களும் திருந்துவதுண்டு.

சான்று கிடைத்தாலும் விசா கிடைத்ததா? ஆண்டுக்குப் பத்தாயிரம் என்ற வரம்பு 2010இலேயே எட்டிவிட்டது. 2024 வாக்கில் முதன்மை விண்ணப்பங்களே இரண்டு இலட்சத்துக்கு மேல் தேங்கிக் கிடந்தன. மனுநீதிச் சோழன் வாயிலில் மணி கட்டினான். மாடு வந்து கயிற்றை இழுத்தது. இங்கே மணி உண்டு, கயிறும் உண்டு. இருபதாண்டு வரிசையில் நின்றால் கயிறு கைக்கு எட்டும்! காத்திருக்கும்போது உழைக்கவாவது அனுமதி தருவோம் என்று 2021இல் ஓர் ஏற்பாடு செய்தார்கள். குற்றத்துக்கு ஆளானோர்மீது குடிநுழைவு நடவடிக்கை எடுப்பதில் நிதானம் வேண்டும் என்று அதே 2021இல் ஓர் அறிவுறுத்தலும் வந்தது. 2025 சனவரியில் டிரம்ப் மீண்டும் ஆட்சிக்கு வந்த சில நாட்களிலேயே அந்த அறிவுறுத்தல் நீக்கப்பட்டது. நீதிமன்றங்களிலும் அவற்றின் அருகிலும் பிடிப்பதற்கு வழிதிறக்கும் ஆணையும் அதே மாதத்தில் வந்தது. எல்பாசோவில் 2017இல் நடந்தபோது ஊரே திடுக்கிட்டது. இப்போது அதற்குத் தாளில் எழுதிய அனுமதி!

கேட்பது பெரிதல்ல. 2000ஆம் ஆண்டில் குத்துமதிப்பாகப் போட்ட பத்தாயிரம் என்ற எண்ணை உயர்த்தட்டும். கலிபோர்னியாவின் நாள்கெடுவை நாடு முழுதும் ஆக்கட்டும். சாட்சியும் முறையீட்டாளரும் நடக்கும் நீதிமன்றத் தாழ்வாரத்தில் குடிநுழைவு அதிகாரி காத்திருப்பதை விலக்கட்டும். ஒரே முதலாளியோடு முடிச்சுப்போடும் விசாவின் முடிச்சை அவிழ்க்கட்டும். பாஸ்கரும் பாத்திமாவும் மரியாவும் கூலி வாங்கப் போகிற நாடு அது. இங்கேயிருந்து ஆளனுப்புகிற அரசுக்கும், முகவர் எவ்வளவு கறக்கிறான் என்று கேட்கும் கடமை உண்டு, அதைக் கப்பல் ஏறும் முன்பே கேட்கவேண்டும்.

இன்றைக்கு ஒருத்தி விண்ணப்பம் போடுகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கையில் ஐந்து வயதுப் பிள்ளை. அவள் சொன்ன சாட்சியால், அடித்தவன் எட்டாண்டு சிறைக்குப் போகிறான். அவன் தண்டனை முடிந்து வெளியே வந்து தெருவில் நடப்பான். பிள்ளை அப்போது எட்டாம் வகுப்பில் இருப்பான். அவளுடைய மனு அலுவலகக் கட்டுக்குள், தன் முறைக்கு இன்னும் பன்னிரண்டு ஆண்டு பின்னால் இருக்கும்.